தேயிலைச் சரிவில் ஒன்பது குழி

மூணாறு மலையில் கோல்ஃப் விடுதி தேடுகிறீர்களா? அறையைப் பார்க்கும் முன் நிலத்தையும் நீரையும் விசாரியுங்கள்.

விளம்பரத்தில் ஒருவர் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கியபடி நிற்கிறார். பின்னால் தேயிலைச் சரிவு, மூடுபனி. கீழே கொட்டை எழுத்தில் ‘கோல்ஃப் வசதி உண்டு’. மூணாறுக்குச் சற்று வெளியே இருக்கும் அந்த விடுதியில் முன்பணம் கட்டி, ஐந்து மணி நேரம் மலையேறிப் போய்ச் சேர்ந்து, மைதானம் எங்கே என்று கேட்டால் வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் பணிவாக மொட்டை மாடிக்கு அழைத்துப் போகிறார். அங்கே பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பச்சைப் பாய். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் குழி. இரண்டு மட்டைகள், அதில் ஒன்று குழந்தைகளுக்கானது. சாயங்காலம் மழை வந்ததும் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள்.

குறை சொல்ல முடியாது. ‘வசதி’ என்றுதானே போட்டிருந்தார்கள்.

கோவை, கொச்சி, மதுரை போன்ற ஊர்களில் கையில் கொஞ்சம் காசும் வார இறுதியில் இரண்டு நாள் ஓய்வும் உள்ள ஒரு வர்க்கம் கோல்ஃபைக் கண்டுபிடித்துச் சில காலமாகிறது. விளையாடுகிறவர்கள் குறைவு, புல்வெளியைப் பார்த்தபடி காபி குடிக்க விரும்புகிறவர்கள் அதிகம். கேரள எல்லையில் மலையும் குளிரும் இருப்பதால் அவர்களில் பலர் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்புகிறார்கள். விடுதிக்காரர்களும் அதை அறிவார்கள். ஆனால் அறையும் மைதானமும் ஒரே வேலிக்குள் இருக்கிற, முழுமையான கோல்ஃப் விடுதியைத் தேடி இந்த மலைக்கு வருகிறவருக்கு ஏமாற்றம்தான். இங்கே உண்மையில் இருப்பவை தேயிலைத் துரைமார் தங்களுக்காக அமைத்துக்கொண்ட கிளப் மைதானங்கள். அவற்றை ஒட்டித் தங்கலாம், அனுமதி பெற்று ஆடலாம். அவ்வளவே.

பாலக்காடு, இடுக்கி என்று பயண ஏஜென்டுகள் ஒரே மூச்சில் சொன்னாலும் இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குப் போக வசதியான வழிகளுள் ஒன்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வருவதுதான்: பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு சோதனைச் சாவடி, மறையூர் சந்தனக் காடு, பிறகு தேயிலை. தேனிப் பக்கத்தார் போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு, பூப்பாறை வழியாக வருவார்கள். எந்த வழியில் வந்தாலும் சாவடியைத் தாண்டிய பிறகும் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் தென் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த குடும்பங்கள்.

பாலக்காட்டுப் பக்கம் கோல்ஃபுக்காக யாரும் போக வேண்டியதில்லை. அங்கிருந்து ஆடப் போகிறவர்கள் எல்லை கடந்து கோவை செட்டிபாளையத்தில் உள்ள 18 குழி மைதானத்துக்குத்தான் வருகிறார்கள். சித்தூர் தாலுகாவின் வறண்ட சமவெளியில் இடத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். அந்தத் தாலுகாவின் பெருமாட்டி பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-இல் அங்கே தொடங்கிய கொக்கோ-கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகச் சொல்லி 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் அந்தப் பகுதிக்கு ஏற்பட்ட இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. கோடையிலும் பச்சையாக இருந்தே தீரவேண்டிய புல்லை அந்த மண்ணில் யாராவது வளர்க்கக் கிளம்பினால் ஊர்க்காரர்கள் முதலில் கேட்கப்போவது ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கையைத்தான்.

கோல்ஃபின் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. 18 குழி மைதானத்துக்குப் பொதுவாக நூறு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் வேண்டும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஜமக்காளம் போல வெட்டிய புல் வேண்டும். அதற்குத் தினமும் தண்ணீர், களைக்கொல்லி, உரம். 1980களில் ஜப்பானியப் பணம் தாய்லாந்திலும் மலேசியாவிலும் கோல்ஃப் விடுதிகளாகக் கொட்டியபோது கிணறுகள் வற்றிய விவசாயிகள் எழுப்பிய குரல்தான் 1993 ஏப்ரல் 29 அன்று ‘உலக கோல்ஃப் எதிர்ப்பு நாள்’ என்ற அறிவிப்பாக வெளிப்பட்டது. பந்தாட்டத்துக்கு எதிராக ஒரு சர்வதேச இயக்கம் நடப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். சித்தூர் தாலுகாக்காரருக்குத் தோன்றாது.

இனி மூணாறு. முதிரப்புழா, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பதால் மூன்றாறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது. அதன் பின்னால் இருந்தது கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே நிறுவனம். ஸ்காட்லாந்துக்காரர்கள் போன இடமெல்லாம் இரண்டைக் கொண்டுபோவார்கள். ஒன்று தேவாலயம், மற்றொன்று கோல்ஃப் மட்டை. மூணாறில் இரண்டும் இருக்கின்றன.

ஊருக்குள்ளேயே, ஆற்றோரமாக இருக்கிறது ஹை ரேஞ்ச் கிளப். நூறு வயதைக் கடந்துவிட்ட ஸ்தாபனம். ஒன்பது குழி கோல்ஃப், டென்னிஸ், பில்லியர்ட்ஸ், நூலகம், மரத் தரை, கணப்பு அடுப்பு. சுவரில் மான் கொம்புகளும் காட்டெருமைத் தலைகளும் தொங்குகின்றன. ஆண்கள் மட்டுமே புழங்கிய மதுக்கூடத்தின் சுவரில் தொப்பிகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். மலையில் முப்பது ஆண்டு சேவையை முடித்த தோட்டத் துரைக்குக் கிடைத்த மரியாதை அது: அவருடைய தொப்பி சுவருக்குப் போகும். முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவரின் கூடையை எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

உறுப்பினர் அல்லாதவர்களும் தற்காலிக உறுப்பினராகித் தங்க முடியும். முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். விடுதி என்ற எண்ணத்தோடு போனால் முகம் சுருங்கும். நீச்சல் குளம், ஆயுர்வேத மசாஜ், நள்ளிரவு பிரியாணி போன்ற சமாசாரங்களுக்கு இது இடமில்லை. மாலையில் உடை விதி உண்டு. செருப்பும் லுங்கியுமாக வராந்தாவில் உலவ நினைப்பவர் ஊருக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. அறைகள் பழைய பாணியில் விசாலமானவை. சாப்பாடு துரைமார் காலத்து சமையல் குறிப்பிலிருந்து அதிகம் விலகுவதில்லை. சூப், கட்லெட், கேரமல் கஸ்டர்ட் என்று போகும். காரம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். காலையில் எழுந்ததும் பனிக்குள்ளிருந்து மெல்ல வெளிப்படும் புல்வெளி ஒன்றுக்காகவே இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. என் மனைவியின் கட்சி வேறு.

ஆட்டக்காரரின் கண்ணோடு பார்த்தால் இது சுலபமான மைதானமில்லை. சமதளத்தில் பழகியவருக்குக் கால் ஒரு மட்டத்திலும் பந்து வேறு மட்டத்திலும் இருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். அதை மறந்து அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். தேயிலைக்குள் போன பந்தைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடும் வேலை. மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்தான் அதற்குக் கதி. ஆங்கிலத்தில் அவருக்கு வழங்கும் பெயர் ‘கேடி’. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் கேட்கும் விதத்தை நினைத்து நான் ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை.

உண்மையான அழகு இன்னும் மேலே, டாப் ஸ்டேஷன் சாலையில். மாட்டுப்பட்டி அணையைத் தாண்டிக் குண்டளைப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் தேயிலைக்கு நடுவே ஒரு ஒன்பது குழி மைதானம் விரிகிறது. அது குண்டளை கிளப். பக்கத்தில் 1946-இல் கட்டி முடித்த வளைவு வடிவ அணை. சேதுபார்வதிபுரம் அணை என்பது அதன் பத்திரப் பெயர். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக ரயில் ஓடியது என்றால் இன்று நம்ப மாட்டார்கள். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் காளைகளைப் பூட்டித் தொடங்கி, 1908-இல் குறும்பாதையாக மாற்றிய ரயில் அது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி போடிப் பக்கம் இறங்கின. 1924 பெருவெள்ளம், மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்’ என்று சொல்கிற வெள்ளம், தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி போடவில்லை.

குண்டளை மைதானத்தில் நினைத்தபோது இறங்கி ஆட முடியாது. தோட்டக் கம்பெனியின் அனுமதி வேண்டும். சாலையில் நின்று பார்ப்பதற்குக் காசில்லை. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் செய்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்திக்குப் பிறகு அந்தச் சாலையில் நிற்காமல் இருப்பது உத்தமம். மாட்டுப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் யானைகள் சாலைக்கு வருவது வழக்கம். மூணாறுத் தோட்டங்களில் உலவும் ஒரு கொம்பனுக்கு ‘படையப்பா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் எஸ்டேட் மக்கள். ரஜினி படம் வந்தது 1999-இல். பெயரை அவர்கள் மறக்கவில்லை.

கிளப்பில் இடம் கிடைக்காதவர்கள் அல்லது கிளப் ஒத்துவராதவர்கள், அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேர், மைதானத்துக்கு அருகே என்று சொல்லும் தனியார் விடுதிகளுக்குத்தான் போகிறோம். பள்ளிவாசல், சித்திராபுரம், சின்னக்கானல், போதமேடு என்று திரும்பும் பக்கமெல்லாம் பல மாடிகள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்பது சுடுநீர் வருமா, பால்கனியில் காட்சி தெரியுமா, குழந்தைக்கு இலவசமா என்பவற்றைத்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த விடுதி நிற்கும் நிலம் யாருடையது?

இது வம்புக் கேள்வி போலத் தோன்றினாலும் இந்த மலையில் இதற்குக் காரணம் உண்டு. 1971-இல் கேரள அரசு தனிச்சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலை நிலங்களை எடுத்துக்கொண்டது. 1974-இல் நிலவாரியம் சுமார் 57 ஆயிரம் ஏக்கரைத் தேயிலைக்காகக் கம்பெனியிடம் விட்டது. மீதி அரசு நிலம். அதன் எல்லை எங்கே, யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் பிறகு நடந்த எல்லாச் சண்டையும். 2007 மே மாதம் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பினார். கே. சுரேஷ் குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயணசாமி ஆகிய மூவருக்கும் பத்திரிகைகள் ‘பூனைகள்’ என்று பெயர் வைத்தன. மண் அள்ளும் இயந்திரங்கள் பல மாடி விடுதிகளை இடித்தன. ஒரு சில வாரங்களில் கூட்டணிக் கட்சிகளே முறுக்கிக்கொள்ள, இயந்திரங்கள் மலையிறங்கின. சில விடுதிகள் மீது எடுத்த நடவடிக்கை சட்டப்படி செல்லாது என்று 2014-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. இடித்த அந்த வாரங்களில் அறை பதிவு செய்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. 1999-இல் தேவிகுளம் தாலுகாவில் கொடுத்த 530 பட்டாக்களை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. 2010-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபின் மூணாறு பகுதியில் கட்டடம் எழுப்ப வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயமாயிற்று. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1964 விதிகளின்படி கொடுத்த பட்டாக்கள் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே. அந்த நிலத்தில் விடுதி கட்டினால், பட்டா அசல்தான், உபயோகம் தவறு. இப்படிப்பட்டவற்றை முறைப்படுத்த 2023 செப்டம்பரில் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 2024-இல் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். ஆகவே உங்கள் விடுதிக்காரர் எங்களிடம் பட்டா இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, என்ன பட்டா?

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொடைக்கானலில் அனுமதிக்கு மேல் மாடிகளை எழுப்பிய ஒரு ஓட்டலுக்கு எதிராகப் பழனிமலைப் பாதுகாப்புக் கவுன்சில் தொடுத்த வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது சரிவு. மலையில் மைதானம் போலச் சமமான இடம் இயற்கையில் குறைவு. விடுதிக்கு வாகன நிறுத்தமும் புல்தரையும் வேண்டுமென்றால் சரிவை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழே தள்ள வேண்டும். மழை பெய்யாத மாதங்களில் ஒன்றும் ஆகாது. 2018 ஆகஸ்டில் பெய்தது. பள்ளிவாசல் அருகே மண் சரிந்து பாதை அடைபட, வெளிநாட்டுப் பயணிகள் உட்படப் பலர் ஒரு விடுதிக்குள் சிக்கிக்கொண்டார்கள். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டு. பூவைப் பார்க்க அறை பதிவு செய்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தொலைபேசி செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், மலை இறங்கி வந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அந்தச் சரிவில் யாரும் விடுதி கட்டியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதையும் வெட்டாத இடத்திலேயே மலை இப்படி நடந்துகொள்ளும் என்றால், வெட்டிய இடத்தைப் பற்றி விருந்தாளி ஒரு வார்த்தை விசாரிப்பதில் தப்பில்லை. அறைக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருக்கிறதா, அதில் மழை நீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படிப்பட்ட அறை எனக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது தண்ணீர். மழை கொட்டும் ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கக்கூடாது. மார்ச், ஏப்ரலில் பல விடுதிகளுக்கு லாரிதான் தண்ணீர் கொண்டுவருகிறது. அது எந்த ஓடையிலிருந்து வருகிறது, சாக்கடை எந்த ஓடைக்குப் போகிறது என்று கேளுங்கள். இந்தப் பக்கத்து ஓடைகள் முதிரப்புழாவில் விழுந்து பெரியாறாகி, கொச்சி நகரத்தின் குடிநீராகின்றன. மறையூர்ப் பக்கத்து ஓடைகள் பாம்பாறாக ஓடி அமராவதி அணைக்கு வருகின்றன. உடுமலையிலும் தாராபுரத்திலும் வயல் வைத்திருக்கிறவருக்கு மலைமேல் ஒரு விடுதி தன் புல்லுக்கு என்ன மருந்து தெளிக்கிறது என்பது தூரத்துச் சமாசாரமில்லை.

பழைய கிளப் மைதானங்கள் மட்டும் உத்தமமானவையா என்று கேட்கலாம். சோலையையும் புல்வெளியையும் அழித்துத் தேயிலை வைத்தவர்கள்தான் அவற்றையும் வைத்தார்கள். ஆனால் அவை ஒன்பது குழியோடு நின்றன. ஏறி இறங்கும் தரையில் ஆட்டத்தை அமைத்துக்கொண்டதால் மலையை மட்டமாக்கும் வேலையும் அவற்றில் குறைவு. குழியைச் சுற்றியுள்ள கிரீன்கள் பட்டுப் போல இல்லை என்று நகரத்து ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் குறைதான் அவற்றின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன். ஏக்கர் கணக்கில் சரிவை வெட்டிப் புதிதாக 18 குழி போடுகிறோம் என்று நாளை யாராவது இங்கே வந்தால், நான் அறை பதிவு செய்ய மாட்டேன்.

கோல்ஃப்தான் முக்கியம், மலை இரண்டாம்பட்சம் என்பவருக்கு வேறு யோசனை சொல்லலாம். கொச்சி விமான நிலையத்தை ஒட்டி நெடும்பாசேரியில் 130 ஏக்கரில் மைதானம் இருக்கிறது. அதன் செயற்கை ஏரிகளில் மிதக்கும் சூரிய மின் தகடுகளை 2021-இல் போட்டார்கள். அங்கே ஆடிவிட்டு நான்கு மணி நேரத்தில் மூணாறுக்கு வந்து தூங்கலாம். கொடைக்கானலில் 1895-இல் தொடங்கிய கிளப்பின் 18 குழி மைதானம் ஒருபக்கம். வரைபடத்தில் கொடைக்கானலும் டாப் ஸ்டேஷனும் அடுத்தடுத்துத் தெரிவதை நம்பி ஏமாற வேண்டாம். பேரிஜம் வழியாகப் போன பழைய மலைச்சாலை மூடிக் கிடக்கிறது. தேனிக்கு இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும்.

மொட்டை மாடிப் பாய் அனுபவத்துக்குப் பிறகு அடுத்த பயணத்துக்காக ஐந்து விடுதிகளுக்குத் தொலைபேசியில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். இரண்டு பேர் நான் வருவாய்த் துறையா என்று கேட்டார்கள். ஒருவர் மேலாளர் கூப்பிடுவார் என்றார். ஒருவர் வைத்துவிட்டார். ஐந்தாமவர், ஒரு சிறிய விடுதிக்காரர், தன் தாத்தா கங்காணியாக வந்தது தொடங்கிப் பட்டா எண் வரை அரை மணி நேரம் பேசினார். கோல்ஃப் கிடையாது, ஆனால் குண்டளை வரை ஜீப் ஏற்பாடு செய்யலாம் என்றார். ஆறு அறைகள், இரண்டு மாடி, பின்னால் மண்சுவர் இல்லை. அங்கேதான் தங்கினோம்.

போன மாதம் ஜனவரி. மூணாறின் உயரமான தோட்டங்களில் அந்த நாட்களில் உறைபனி விழும். விடியலில் குண்டளை மைதானம் உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. ஒன்பது மணிக்கு வெயில் தேயிலை வரிசையைத் தாண்டி இறங்கியதும் வெண்மை ஒரு ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது. ஆட யாரும் வரவில்லை. சாலையோரம் கொழுந்துக் கூடையோடு ஜீப்புக்குக் காத்திருந்த பெண்களிடம் எங்கள் ஓட்டுநர் நலம் விசாரித்தார். பத்து மணிக்குள் புல் மறுபடி பச்சையாகிவிட்டது.